தட்டுல விழுந்த கோடு கீறலா, கறையா? – சமையக்கட்டு சந்தேகங்கள்

இந்த வாரம் மொத்தமும் பாத்திரம்தான். தட்டு, கப், டம்ளர்ல விழற கோடு, கீறல், மங்கல் பத்தி கேளுங்கன்னு போன இதழ்ல ஒரு வரி போட்டிருந்தோம், போஸ்ட்லயும் வாட்ஸ்அப்லயும் குவிஞ்சிடுச்சு. ஒரே மாதிரி இருந்த கேள்விகள சேர்த்து ஒண்ணாக்கிட்டேன், உங்க கேள்வி அப்படியே வரலைன்னா கோச்சுக்காதீங்க, பதில் எங்கயாவது உள்ள இருக்கும்.

அக்கா, கல்யாணத்துக்கு வந்த வெள்ளை பீங்கான் டின்னர் செட். விருந்தாளி வந்தா எடுக்கறதுதான், ஆனா இப்ப பார்த்தா தட்டு முழுக்க பென்சில்ல கிறுக்கின மாதிரி சாம்பல் கலர் கோடு. கம்பி நார் போட்டு அழுத்தி தேய்ச்சேன், இன்னும் ஜாஸ்தியாயிடுச்சு. கீறல் விழுந்த தட்டுல சாப்பிடக்கூடாதுன்னு மாமியார் சொல்றாங்க. தூக்கி போட்டுடணுமா? – வாசகி, கோவை

தூக்கியெல்லாம் போடாதீங்கம்மா. பதில நீங்களே எழுதிட்டீங்க, பென்சில்ல கிறுக்கின மாதிரின்னு. நடந்தது அதேதான். பீங்கான் மேல பளபளன்னு ஒரு பூச்சு இருக்குல்ல, கிளேஸ்னு சொல்வாங்க, அது சூளையில உருகி ஒட்டின கண்ணாடி. நல்ல கிளேஸ் நம்ம ஸ்பூன், ஃபோர்க் செய்யற எவர்சில்வர விட கொஞ்சம் கெட்டி. ரெண்டும் உரசும்போது தேயறது தட்டு இல்ல, ஸ்பூன்தான். தேஞ்ச அந்த துளி இரும்பு தட்டு மேல ஒட்டிக்குது, அதுதான் அந்த சாம்பல் கோடு. கம்பி நார் போட்டதும் ஏன் ஜாஸ்தியாச்சுன்னு இப்ப புரியுதா? கம்பி நாரும் எவர்சில்வர்தான், துடைக்கறேன்னு நினைச்சு இன்னும் நாலு கோடு போட்டுட்டு வந்திருக்கீங்க.

இது கறையா நிஜ கீறலான்னு சந்தேகம்னா, தட்ட கழுவி ஈரமில்லாம துடைச்சுட்டு ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சு பிடிங்க, கோட்டுக்கு குறுக்கால நகத்த மெதுவா இழுங்க. நகம் எங்கயும் தட்டாம வழுக்கிட்டு போச்சுன்னா அது மேல ஒட்டின இரும்பு, எடுத்துடலாம். நகம் 'டக்'னு ஒரு இடத்துல மாட்டுச்சுன்னா அது கிளேஸ்ல விழுந்த பள்ளம், அத வீட்ல இருக்கற எந்த பொருளாலயும் நிரப்ப முடியாது. இந்த பக்கத்துல வர்ற எல்லா பதிலுக்கும் இந்த நகம் டெஸ்ட்தான் அடிப்படை, அதனால மொதல்லயே சொல்லிட்டேன்.

உங்களோடது நூத்துக்கு தொண்ணூறு கறைதான். ரெண்டு டீஸ்பூன் ஆப்ப சோடாவ ஒரு கிண்ணத்துல போட்டு சொட்டு சொட்டா தண்ணி விட்டு குழைங்க, இட்லி மாவு பதம் வேணாம், அது ஓடிடும், அதவிட கெட்டியா, விரல்ல எடுத்தா நிக்கணும். ஆப்ப சோடான்னா ஆப்பத்துல போடற சோடா உப்பு, துணி சோடா இல்ல, பேக்கிங் பவுடரும் இல்ல, ஈனோவும் இல்ல. ஈனோல சிட்ரிக் ஆசிட் கலந்திருக்கு, தண்ணி பட்டதும் பொங்கி அதோட வேலை முடிஞ்சுடும். குழைச்சத கோட்டு மேல தடவி ஒரு பத்து நிமிஷம் விட்டுட்டு, ஈரமான பழைய காட்டன் துணிய விரல்ல சுத்திக்கிட்டு சின்ன சின்ன வட்டமா தேய்ங்க. அழுத்த வேணாம். கொஞ்ச நேரத்துல துணிய திருப்பி பாருங்க, வெள்ளையா இருந்த இடம் சாம்பலா மாறியிருக்கும், தட்டுலேர்ந்து இறங்கின இரும்பு அது. சோடா துகள் கிளேஸ விட ரொம்ப மெத்துன்னு இருக்கறதால இரும்ப மட்டும் உரிச்சுக்கிட்டு வரும், பூச்சுக்கு ஒண்ணும் ஆகாது.

சோடாவுக்கு மசியாத கோடும் இருக்கும், ரொம்ப நாள் விட்டதெல்லாம். அதுக்கு வெளிநாட்டு வீடுகள்ல கிரீம் ஆஃப் டார்டார்னு ஒரு பொடி வச்சிருப்பாங்க, நம்ம ஊர்லயும் கேக் சாமான் விக்கற கடையில கிடைக்கும். அது என்னன்னு பார்த்தா திராட்சை ஒயின் ஊற வைக்கற பீப்பாயில படியற புளிப்பு உப்பு. அதுலயும் ரெண்டு ஸ்பூன் எடுத்து இதே மாதிரி குழைச்சு தடவணும். பொடியா இருக்கறதால லேசா தேய்க்கும், புளிப்பா இருக்கறதால இரும்ப கரைக்கவும் செய்யும், ரெண்டு வேலை. அதுல இருக்கற டார்டாரிக் அமிலம்தான் நம்ம வீட்டு புளியிலயும் இருக்கு, அதனால கடை தேடி அலைய நேரமில்லாதவங்க எலுமிச்சம்பழம் அளவு புளிய கெட்டியா கரைச்சு தட்டுல ஊத்தி அரை மணி நேரம் ஊற விட்டு, நல்லா கழுவிட்டு, அப்புறம் சோடா பேஸ்ட் போட்டு தேய்ச்சு பாருங்க. கொஞ்சம் நேரமாகும், ஆனா என் அனுபவத்துல பாதிக்கு மேல போயிடும். எதுவா இருந்தாலும் மொதல்ல தட்டுக்கு அடிப்பக்கம் ஒரு மூலையில டெஸ்ட் பண்ணிட்டு மேல போடுங்க.

மாமியார் சொன்னதும் தப்பில்ல. நகம் மாட்டற கீறல், ஓரம் உடைஞ்சு மண் தெரியற இடம், அங்கெல்லாம் குழம்பு எண்ணெய் புகுந்து உக்காந்துக்கும், கழுவினா முழுசா வராது. அந்த மாதிரி தட்ட செடி தொட்டிக்கு அடியில வச்சுடுங்க.

சோடாவோட வினிகர் கலந்தா நுரை பொங்குது, அந்த நுரையே எல்லா கறையையும் இழுத்துடும்னு ஒரு வீடியோ வந்துச்சு. பண்ணலாமா மேடம்? – வாசகர், மதுரை

பண்ணலாம், குழந்தைங்களுக்கு வேடிக்கை காட்ட. சோடா காரம், வினிகர் புளிப்பு. ரெண்டையும் சேர்த்தா ஒண்ண ஒண்ணு தின்னுட்டு, பொங்கறது கார்பன் டை ஆக்சைடு வாயு, மிஞ்சறது லேசான உப்புத்தண்ணி மாதிரி ஒண்ணு. சோடாவோட தேய்க்கற குணமும் போச்சு, வினிகரோட கரைக்கற குணமும் போச்சு. சிங்க் பைப்புல அடைச்ச குப்பைய கொஞ்சம் கிளப்பி விட அந்த பொங்கல் உதவலாம், தட்டுல இருக்கற கோட்டுக்கு ஒண்ணும் பண்ணாது. ரெண்டும் வேணும்னா ஒண்ணு போட்டு கழுவிட்டு அப்புறம் இன்னொண்ணு. வீடியோல பளிச்சுனு வந்துச்சேன்னு கேப்பீங்க, அவங்க கடைசியில ஸ்பாஞ்சால தேய்க்கறத கவனிச்சு பாருங்க.

தட்டு நடுவுல மட்டும் வட்டமா கீறல் விழுது, ஸ்பூன் எல்லாம் நாங்க யூஸ் பண்றதே இல்ல, கையாலதான் சாப்பிடறோம். இது எங்கேர்ந்து வருது? – வாசகி, காரைக்குடி

இந்த கேள்விய படிச்சதும் எனக்கு சந்தோஷமா இருந்துச்சு, ஏன்னா இத யாரும் கவனிக்க மாட்டாங்க. ஒரு தட்ட கவுத்து அடிப்பக்கம் விரலால தடவி பாருங்க. வளையம் மாதிரி ஒரு விளிம்பு இருக்கும், தட்டு தரையில உக்காரற இடம். சூளையில வைக்கும்போது அடியில ஒட்டிக்கக்கூடாதுன்னு அந்த விளிம்புக்கு மட்டும் பல தட்டுல பூச்சு பூச மாட்டாங்க, வெறும் சுட்ட மண்ணு, சொரசொரன்னு உப்புத்தாள் மாதிரி இருக்கும். தட்ட ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, எடுக்கும்போது தூக்காம இழுத்தா மேல் தட்டோட விளிம்பு கீழ் தட்டோட முகத்த அறுக்கும். வட்டமா வர்றதுக்கு காரணம் அதுதான்.

இது ஸ்பூன் கறை மாதிரி இல்ல, பாதிக்கு பாதி நிஜ கீறலா இருக்கும், நகத்த வச்சு பாருங்க. விழுந்தத ஒண்ணும் பண்ண முடியாது, சோடா போட்டா கீறலுக்குள்ள போன அழுக்கு வெளிய வந்து கோடு கொஞ்சம் மங்கலா தெரியும், அவ்வளவுதான். இனிமே விழாம இருக்க ரெண்டு தட்டுக்கு நடுவுல ஒரு பழைய பனியன் துணி, இல்ல டிஷ்யூ பேப்பர், நியூஸ் பேப்பர் மட்டும் வேணாம், மை ஒட்டும். பொறுமை இருந்தா அந்த விளிம்ப நைஸ் உப்புத்தாள் வச்சு தண்ணி விட்டு லேசா தேய்ச்சு விடுங்க, தூசு பறக்காம ஈரத்துலயே பண்ணுங்க, சொரசொரப்பு போயிடும்.

கண்ணாடி டம்ளர், கண்ணாடி பவுல்ல கீறலும் மங்கலும். டூத் பேஸ்ட் போட்டா போயிடும்ங்கறாங்களே? – தாம்பரம், நாகர்கோவில், சேலம் வாசகிகள்

மங்கல் வேற, கீறல் வேற. மொதல்ல மங்கல் பாத்துடுவோம், தாம்பரத்துக்காரங்களுக்கு நிச்சயம் அதுதான் இருக்கும். போர் தண்ணியில கால்சியம் மெக்னீசியம் ஜாஸ்தி, கழுவி கவுத்தாம அப்படியே காய விட்டா தண்ணி போயிடும், சுண்ணாம்பு மட்டும் தங்கிடும். நாள்பட நாள்பட டம்ளர் பனி மூட்டம் போட்டாப்ல ஆயிடும். வெள்ளை வினிகர்ல ஒரு துணிய நனைச்சு டம்ளர உள்ளயும் வெளியயும் சுத்தி கால் மணி நேரம் வச்சு கழுவுங்க. வினிகர் இல்லாதவங்க எலுமிச்சை மூடிய பிழிஞ்ச கையோட டம்ளர்ல தேய்ச்சு ஊற விடுங்க. தெளிஞ்சுடுச்சுன்னா சுண்ணாம்பு. வினிகர்ல ஊறியும் அப்படியே மங்கலா நின்னுச்சுன்னா அது கண்ணாடியே அரிச்சுப் போனது, டிஷ்வாஷர் வச்சிருக்கற வீட்ல இது சகஜம், சூடும் காரமான பவுடரும் சேர்ந்து கண்ணாடி மேல்தோல தின்னுடும். அது திரும்பாது. டம்ளர பேனா ஸ்டாண்டா வச்சுக்கோங்க.

இப்ப கீறல். பல டூத் பேஸ்ட்ல தேய்க்கறதுக்கு இருக்கறது நைசான சுண்ணாம்புப் பொடி, அது கண்ணாடிய விட ரொம்ப மெத்து. மெத்தான பொருளால கெட்டியான பொருள எப்படி மட்டமா அறுக்கறது? 1812ல மோஸ்னு ஒரு ஜெர்மன்காரர் எந்த கல்லு எத கீறும்னு வரிசை போட்டு வச்சுட்டு போயிட்டார், 1லேர்ந்து 10 வரைக்கும். சுண்ணாம்புக்கல் அதுல 3, கண்ணாடி அஞ்சரை பக்கம், மணல்ல இருக்கற குவார்ட்ஸ் 7. அதாவது பேஸ்ட் கண்ணாடிய ஒண்ணும் பண்ணாது, மணல் கண்ணாடிய கீறிடும். கார் கண்ணாடி கீறல தேய்ச்சு எடுக்கறவங்க சீரியம் ஆக்சைடுன்னு ஒரு பொடிய மெஷின்ல போட்டு தேய்ப்பாங்க, அதுவும் நகத்துல மாட்டாத நைஸ் கீறலுக்குத்தான். அப்ப பேஸ்ட் போட்டவங்களுக்கு ஏன் போச்சுன்னா, அவங்களுது கீறலே இல்ல, கோவை வாசகிக்கு சொன்னேன்ல, ஸ்பூன் கறை. அதுக்கு பேஸ்ட் நல்லாவே கேக்கும், வெள்ளை பேஸ்ட் போடுங்க, ஜெல் வேணாம்.

ஒரு விஷயம் மட்டும் சீரியஸா சொல்றேன். நகம் மாட்டற அளவுக்கு கீறல் விழுந்த கண்ணாடி பவுல்ல கொதிக்கற ரசத்த ஊத்தறது, மைக்ரோவேவ், ஓவன்ல வைக்கறது வேணாம். கண்ணாடி உடையறது எப்பவும் ஒரு கீறல்லேர்ந்துதான் ஆரம்பிக்கும், சூடு ஏறும்போது அங்க பிளந்துடும். உப்பு, ஊறுகாய் மாதிரி சூடில்லாத எதையாவது போட்டு வைக்க எடுத்துக்கோங்க.

பாட்டி காலத்துல சாம்பல், செங்கல் பொடிதானே போட்டு தேய்ச்சாங்க, அதெல்லாம் இயற்கை, பீங்கானுக்கும் போடலாமா? – வாசகி, விருதுநகர்

பாட்டி தேய்ச்சது வெண்கலமும் பித்தளையும். பீங்கான் தட்டு இருந்த வீட்ல அத தனியா பரண்ல வச்சிருப்பாங்க. செங்கல் பொடியில மணல் இருக்கு, மணல்ல இருக்கறது குவார்ட்ஸ், மேல சொன்ன வரிசையில அது கிளேஸ விட மேல. உமி சாம்பல்லயும் சிலிக்கா நிறைய. ஒரு தடவை தேய்ச்சா பளபளப்பு மங்கும், மங்கின சொரசொரப்புல ஸ்பூன் இரும்பு இன்னும் சுலபமா ஒட்டும், அப்புறம் கோடு எடுக்க எடுக்க வந்துக்கிட்டே இருக்கும். கடையில விக்கற பச்சை ஸ்க்ரப்பரும் அப்படித்தான், அதுல அரைக்கற துகள் ஒட்டியிருக்கு, அடிப்பிடிச்ச குக்கருக்கு சரி, பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் வேணாம். மஞ்சள் ஸ்பாஞ்ச் பக்கம், இல்ல காஞ்ச பீர்க்கங்காய் நார், தட்டு கழுவ அதுவே போதும்.

எவர்சில்வர் தட்டு புதுசுல கண்ணாடி மாதிரி முகம் தெரிஞ்சுச்சு, இப்ப வெறும் கோடுதான் தெரியுது. அடியில நீலம் ஊதான்னு வானவில் கலர் வேற. சின்ன சின்ன புள்ளி பள்ளமும் இருக்கு. – வாசகி, திருநெல்வேலி

மூணு கேள்வி கேட்டிருக்கீங்க, மூணுக்கும் வேற வேற பதில்.

வானவில் கலர் சுலபம். எவர்சில்வர்ல குரோமியம் கலந்திருக்கு, அது காத்தோட சேர்ந்து கண்ணுக்கு தெரியாத ஒரு தோல் போட்டுக்கும், துரு பிடிக்காததுக்கு காரணமே அந்த தோல்தான். வெறும் பாத்திரம் சூடேறினா அந்த தோல் தடிச்சுடும், அதுல வெளிச்சம் பட்டு கலர் தெரியுது. ஒரு கெடுதலும் இல்ல. ரெண்டு ஸ்பூன் வினிகர ஊத்தி துணியால ஒரு சுத்து சுத்துங்க, கண்ணு முன்னாடியே போயிடும், புளித்தண்ணிக்கும் போகும். வினிகர் எவர்சில்வர அரிச்சுடாதான்னு பயப்படாதீங்க. 1913ல இங்கிலாந்துல ஷெஃபீல்டு ஊர்ல ஹாரி பிரியர்லின்னு ஒருத்தர் துப்பாக்கி குழாய் தேயாம இருக்க ஒரு உலோகம் தேடும்போதுதான் இது கையில சிக்குச்சு, அவர் வினிகரும் எலுமிச்சை சாறும் ஊத்தி பாத்து அரிக்கலைன்னு தெரிஞ்சதும்தான் இதுல கத்தி பண்ணலாம்னு யோசனையே வந்துச்சு.

புள்ளி பள்ளம் உப்பு பண்ணின வேலை. பச்சைத் தண்ணியில கல் உப்ப போட்டு அப்படியே விட்டா உப்பு அடியில போய் உக்காந்து அந்த இடத்துல தோல ஓட்டை போட்டுடும். தண்ணி கொதிச்சதும் உப்ப போட்டு கரண்டியால கலக்கி விடுங்க. உப்பு போட்ட புளிக்கரைசல், ஊறுகாய் இதெல்லாம் ராத்திரி பூரா எவர்சில்வர்ல வைக்காதீங்க. விழுந்த பள்ளத்த எடுக்க முடியாது.

கோடுக்கு வருவோம். முகம் தெரியற பாலிஷ் போனா வீட்ல திரும்ப வராது, பாத்திரக் கடைக்காரங்க கிட்ட பஃபிங் மெஷின்ல பாலிஷ் போட்டு தர்றவங்க யாருன்னு கேட்டு குடுக்கலாம், ஆனா தினம் சாப்பிடற தட்டுக்கு அந்த செலவு எதுக்கு? வீட்ல பண்ணக்கூடியது இதுதான்: சோடா பேஸ்ட்ட தடவி, வட்டமா தேய்க்காம, ஒரே பக்கமா, தட்டுல ஏற்கனவே கோடு எந்த பக்கம் ஓடுதோ அந்த பக்கமாவே தேய்ங்க. கோடெல்லாம் ஒரே திசையில இருந்தா கண்ணுக்கு உறுத்தாது. பயம் மட்டும் வேணாம், கீறின இடத்துல குரோமியம் தோல் தானா திரும்ப வளந்துடும், எவர்சில்வர் தட்டுல கோடு இருக்குன்னு யாரும் தூக்கி போட்டதா சரித்திரம் இல்ல.

மெலமைன் தட்டு. கத்தி வச்சு பழம் வெட்டி வெட்டி ஒரே கீறல், அதுக்குள்ள மஞ்சள் போய் உக்காந்துடுச்சு. – வாசகி, ஓசூர்

மஞ்சள் போகும், கீறல் போகாது. மஞ்சளோட நிறம் வெயிலுக்கு நிக்காது. கழுவி சோடா பேஸ்ட் போட்டு தேய்ச்சுட்டு மதிய வெயில்ல மொட்டை மாடியில வைங்க, சாயங்காலம் பாத்தா பாதி வெளுத்திருக்கும், அடுத்த நாளும் வைங்க.

ஆனா இந்த தட்ட வச்சுக்கணுமான்னு கேட்டா நான் வேணாம்னுதான் சொல்வேன். மெலமைன் ஒரு வகை பிளாஸ்டிக், மெலமைனும் ஃபார்மால்டிஹைடும் சேர்த்து பண்றது. ரொம்ப சூடும் புளிப்பும் பட்டா அதுலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா சாப்பாட்டுல இறங்கும், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மெலமைன் தட்டுல வச்சு மைக்ரோவேவ்ல சூடு பண்ண வேணாம்னே சொல்லியிருக்கு. நம்ம சாப்பாட பாருங்க, ஆவி பறக்கற சாதம், மேல கொதிக்கற சாம்பார், அதுல புளி. மெலமைனுக்கு ஆகாதது எல்லாம் ஒரே தட்டுல. கீறல் விழுந்ததுல பிஸ்கட், முறுக்கு வைங்க, குழந்தைக்கு சுட சுட பருப்பு சாதம் பிசைய எவர்சில்வர் எடுங்க. பிளீச் ஊத்தி வெளுக்கலாம்னு ஒரு வாசகி கேட்டிருந்தாங்க, அது மேல் பளபளப்ப இன்னும் கெடுக்கும்.

நான்ஸ்டிக் தோசைக்கல்லுல கீறல். எண்ணெய் தடவி காய்ச்சினா, உருளைக்கிழங்கு தேய்ச்சா சரியாகுமா? – வாசகர், ஈரோடு

ஆகாதுங்க. அது இரும்புக்கல்லுக்கு சொல்ற வைத்தியம். இரும்புக்கல்லுல எண்ணெய் சூட்டுல இறுகி ஒரு படலமாகும், கீறினா மறுபடி எண்ணெய் தடவி பழக்கலாம். நான்ஸ்டிக்ல இருக்கறது டெஃப்லான் மாதிரி பூச்சு, உரிஞ்சா உரிஞ்சதுதான். உரிஞ்ச துணுக்கு தெரியாம வயித்துக்குள்ள போனா ஒண்ணும் ஆகாது, செரிக்காம அப்படியே வெளிய போயிடும். கவலைப்பட வேண்டியது சூட்ட பத்தி, 260 டிகிரிக்கு மேல போனா பூச்சு கெட ஆரம்பிக்கும், இன்னும் ஏறினா புகை கெடுதல். வெறும் கல்ல பெரிய பர்னர்ல வச்சுட்டு மாவு கரைக்க போனா அந்த சூடு சீக்கிரமே வந்துடும். உரிய ஆரம்பிச்சதுன்னா மாத்திட்டு இரும்புக்கல்லுக்கு வாங்க, முறுகலும் அதுலதான்.

அம்மா, எங்க வீட்டு ஈயச் சொம்பு மூணு தலைமுறையா இருக்கு. வேலைக்கு வந்த பொண்ணு தெரியாம கம்பி நார் போட்டுட்டா, உள்ளயும் வெளியயும் கோடு. ஈயம் பூசின பித்தளை தவலையையும் அப்படியே தேய்ச்சதுல அங்கங்க மஞ்சளா தெரியுது. என்ன செய்யலாம்? – ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ஐயா, சொம்புக்கும் தவலைக்கும் தனித்தனியா சொல்றேன்.

சொம்பு முழுக்க ஈயம், வெள்ளீயத்த சொல்றேன், விஷமான காரீயம் இல்ல, அதனால கீறினாலும் உள்ள இருக்கறதும் ஈயம்தான், ரசத்துக்கு ஒண்ணும் ஆகாது. நகத்தால அழுத்தினாலே கோடு விழற அளவுக்கு மெத்தான உலோகம் அது. கோடு உறுத்துச்சுன்னா நைசான விபூதிய ஈரத்துணியில தொட்டு மெதுவா தேய்ங்க, வெள்ளிக்கு தேய்க்கற மாதிரியே, கோட்டு ஓரம் மழுங்கி மினுமினுப்பு வரும். முழுசா போகாது, ஆனா பரவால்ல. தினமும் கழுவறதுக்கு விரல் நுனியும் கொஞ்சம் சீயக்காய் தூளும் போதும். அந்த பொண்ணுகிட்ட கம்பி நார விட முக்கியமா ஒண்ணு சொல்லி வைங்க, வெறும் சொம்ப அடுப்புல வைக்கக்கூடாது. ஈயம் 232 டிகிரியில உருகிடும். உள்ள ரசம் இருக்கற வரைக்கும் சூடு 100ஐ தாண்டாது, சொம்பு நிக்கும். ரசம் வத்திடுச்சுன்னா சொம்பு அடுப்பு மேலயே வழிஞ்சுடும், ரசம் ஊத்தின அப்புறம் அடுப்ப பத்த வைக்கணும், நெருப்பு சின்னதா இருக்கணும்.

தவலை விஷயம் வேற. ஈயப்பூச்சு தேஞ்சு மஞ்சள் தெரியுதுன்னா அங்க பித்தளை வெளிய வந்துடுச்சு. புளி, தக்காளி, மோர் பட்டா பித்தளையில இருக்கற செம்பு அதுல இறங்கி களிம்பு ஏறும், குமட்டலும் வரும். மறுபடி ஈயம் பூசற வரைக்கும் அதுல சமைக்காதீங்க. ஈயம் பூசறவங்க தெருவுல வந்த காலம் போயிடுச்சு, ஆனா உங்க ஊர்ல பித்தளை பாத்திரக் கடையில சொன்னா ஆள் ஏற்பாடு பண்ணுவாங்க. பூசும்போது பக்கத்துல நின்னு பாருங்க, பாத்திரத்த நெருப்புல நல்லா காய வச்சு உள்ள நவச்சாரம் தூவுவாங்க, குப்புனு வெள்ளை புகை எழும்பும், அந்த சூட்டுல ஈயக்குச்சிய லேசா தொட்டதும் உருகி ஓடும், உடனே பஞ்சால ஒரே வீச்சுல சுத்தி இழுத்தா உள்ள முழுக்க வெள்ளி மாதிரி ஆயிடும். புகைய சுவாசிக்காம தள்ளி நில்லுங்க. அவங்ககிட்ட கேக்க வேண்டியது ஒண்ணுதான், பூசறது வெள்ளீயமான்னு. காரீயம் கலந்தா அது விஷம், குறைஞ்ச விலைக்கு யாராவது பூசி தர்றேன்னா அங்கேயே நிறுத்திடுங்க.

குக்கர் உள்பக்கம் கறுத்துப் போச்சு. – நிறைய பேர்

அலுமினிய குக்கர்தானே? கறுப்பு வந்த உயரம் வரைக்கும் தண்ணி ஊத்தி ஒரு புளி உருண்டை, இல்ல பிழிஞ்ச எலுமிச்சை தோல் போட்டு பத்து நிமிஷம் கொதிக்க விடுங்க, வெளுத்துடும். அடுத்த தடவை இட்லி வேக வைக்கும்போது கீழ தண்ணியில ஒரு துண்டு புளி போட்டுட்டா கறுப்பே வராது. அலுமினியத்துக்கு மட்டும் சோடா போடவே போடாதீங்க, காரம் பட்டாதான் அது கறுக்கும். கறுப்பு கலர்லயே விக்கற ஹார்டு அனோடைஸ்டு குக்கருக்கு புளியும் வேணாம் சோடாவும் வேணாம், வெறும் பாத்திரம் கழுவற லிக்விட்.

தங்க ஓரம் வச்ச டீ கப். உள்ள டீக்கறை, ஓரத்துல லேசான உராய்வு. – வாசகி, புதுச்சேரி

உள்ள சோடா போட்டு விரலால தேய்ங்க, டீக்கறை ஒரு நிமிஷ வேலை. ஓரத்த தொடாதீங்க. அந்த தங்கம் கிளேஸ் மேல பூசின ரொம்ப மெல்லிசான படலம், சோடாவே அத உரிச்சுடும், வினிகரும் வேணாம். மைக்ரோவேவ்ல வச்சா பொறி பறக்கும்.

பாட்டி வீட்டு பழைய பூப்போட்ட பீங்கான் தட்டு, மெல்லிசா முடி மாதிரி விரிசல். பால்ல போட்டு கொதிக்க வச்சா ஒட்டிக்கும்னு படிச்சேன், பண்ணட்டுமா அக்கா? மேல சின்ன சின்ன கீறலும் இருக்கு, அதுக்கு சோடா? – வாசகி, திருச்சி

பால்ல இருக்கற கேசின் புரதம் சூட்டுல விரிசலுக்குள்ள புகுந்து இறுகும், அந்த காலத்துல கேசின்ல பசையே பண்ணியிருக்காங்க, அதனால கதை முழுக்க கப்சா இல்ல. ஆனா அது விரிசல மறைக்கும், தட்டுக்கு பலம் தராது, தினம் சூடும் சோப்பும் படற தட்டுல எத்தனை நாள் நிக்கும்? உள்ள போன பால் கெட்டா வாசம் வேற. சோடாவும் வேணாம். பழைய தட்டுல பூ வேலை பல சமயம் கிளேஸ் மேல வரைஞ்சிருப்பாங்க, அந்த கால பெயிண்ட்லயும் பூச்சுலயும் காரீயம் சேர்க்கற வழக்கம் உண்டு, தேய்ச்சா பூவும் போகும், உள்ள இருக்கறதும் வெளிய வரும். புளிப்பு சாப்பாடு அதுல வைக்கவே வைக்காதீங்க. மெத்துன்னு துணியில வெதுவெதுன்னு தண்ணி, ரெண்டு சொட்டு லிக்விட் தொட்டு துடைச்சு, நிழல்ல காய வச்சு, ஸ்டாண்ட் வாங்கி ஷோகேஸ்ல நிறுத்துங்க. ஒயர் ஸ்டாண்ட் வாங்கினா கம்பி தட்டுல படற இடத்துல கொஞ்சம் ரப்பர் டியூப் சொருகிடுங்க, இல்லேன்னா அங்கயும் சாம்பல் கோடு விழுந்துடும்.